ஒன்பதாம் குச்சி

"டீச்சர், இந்த ஆறு பிழைக்குமா?"

வந்த முதல் நாளே தாணுலிங்கம் கேட்ட கேள்வி இதுதான்.

சலேத் டீச்சர் கரையோரத்து அறைக்குள் போனார். இரும்புச் சட்டம் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர். நடுவில் ஒன்றும் கிடையாது.

"ஒன்பதாம் குச்சிக்குப் பக்கத்துல இதைப் போடுங்க அண்ணாச்சி. உள்ள எத்தனை உமரிச் செடி நிக்குன்னு எண்ணிட்டு வாங்க."

தாணுலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். முழங்கால் வரை புதைந்தது. போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

"எத்தனை?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். வெறும் சேறு."

"வெறும் சேறுன்னு எழுத நோட்டுல இடம் இல்ல. எண் எழுதுங்க."

அவர் பூஜ்யம் எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"ஆறு பிழைக்குமான்னு கேட்டேனே?"

"பதினேழு வருஷமா எண்ணுதேன். அதுக்கு இன்னும் எண் வரலை."

சங்குமுனையில் செம்பாழி ஆறு கடலோடு சேர்கிறது. சேருகிற இடம் ஆறும் இல்லை, கடலும் இல்லை. ஓதம் ஏறினால் தண்ணீர். வற்றினால் உப்புச் சேறு. அந்தச் சேற்றில் வேறெதுவும் முளைக்காது. உமரி முளைக்கும், வங்காரவள்ளை படரும், கரையோரம் கண்டல் நிற்கும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

ஆற்றுக்குள்ளிருந்து முகத்துவாரம் வரை பன்னிரண்டு குச்சிகள். அமாவாசைக்கு மறுநாளும் பௌர்ணமிக்கு மறுநாளும், காலை வற்றத்தில், ஒவ்வொரு குச்சியிலும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்க வேண்டும். சட்டத்தைப் போட்டுச் செடி எண்ண வேண்டும். மழையானாலும் சாவானாலும்.

சலேத் டீச்சர் டவுன் கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறவர். இருபத்தாறு வயதில் இந்தக் குச்சிகளை நட்டார். இப்போது நாற்பத்து மூன்று. ஊரில் 'உமரி டீச்சர்' என்றால்தான் தெரியும்.

தாணுலிங்கத்துக்கு அறுபத்தொன்று. "ரிட்டயர் ஆயிட்டேன், பொழுது போகலை, ஏதாவது கத்துக்குடுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். எங்கிருந்து ரிட்டயர் ஆனார் என்று அவரும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

ஆற்றில் மேலே நாற்பது கிலோமீட்டரில் ஒரு தோல் ஆலை. அதன் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் தலைமை வேதியியலாளர் அவர். மாதம் ஒரு அறிக்கை. வெளியேறும் தண்ணீரில் எவ்வளவு குரோமியம், எவ்வளவு உப்பு என்று. கருவி ஒன்று காட்டும். அவர் வேறொன்று எழுதுவார்.

யாரும் கத்தியைக் காட்டவில்லை. முதல் மாதம் மேலாளர், "கொஞ்சம் பாத்து எழுதுங்க" என்றார். இரண்டாம் மாதத்திலிருந்து அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரிட்டயரான பிறகுதான் தூக்கம் போயிற்று. வாயைத் திறக்காமல், செய்ததை உடம்பால் உழைத்துக் கழித்துவிடலாம் என்று நினைத்துத்தான் சங்குமுனைக்கு பஸ் ஏறினார்.

மூன்றாவது முறை போனபோது டீச்சர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாணுலிங்கம் பாட்டிலை ஆற்றுத் தண்ணீரால் அலசினார், கொட்டினார். மறுபடி அலசினார், கொட்டினார். மூன்றாவது முறையும் அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்பினார்.

"இதை நான் உங்களுக்குச் சொல்லித் தரலியே."

அவர் கை நின்றது.

"பழக்கம் டீச்சர்."

"நல்ல பழக்கம்" என்றார் டீச்சர். அடுத்த குச்சிக்கு நடந்தார்.

தோணி தள்ளுகிறவள் அமலி. முப்பத்தெட்டு வயது. மற்ற நாளெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி மட்டிச் சிப்பி பொறுக்குவாள். அவளுடைய அம்மாவும் அதே இடத்தில் உட்கார்ந்து மட்டி பொறுக்கியவள்தான்.

கோடையில் ஒரு நாள் ஐந்தாம் குச்சிக்கு அப்பால் உமரி முழுக்கச் சிவந்து கிடந்தது. ரத்தினக் கம்பளம் விரித்த மாதிரி.

"என்ன அழகு!" என்றார் தாணுலிங்கம்.

அமலி சிரித்தாள். "அழகா? மூச்சு முட்டுது அண்ணாச்சி அதுக்கு. உப்பு தாங்காம செவந்து கெடக்கு. அடுத்த வெள்ளத்துக்குள்ள செத்துப்போவும்."

செத்துப்போயிற்று.

ஒரு நாள் டீச்சர் வர நேரமாயிற்று. தாணுலிங்கம் அறை அலமாரியிலிருந்து முதல் நோட்டை எடுத்துப் புரட்டினார். ஒன்பதாம் குச்சி: இருநூற்றுப் பன்னிரண்டு செடி. அடுத்த வருஷம் நூற்றுத் தொண்ணூறு. பிறகு நூற்று எழுபது. பிறகு ஒரு மழைக்காலத்தில், பதினைந்தே நாளில், எண்பத்தெட்டு.

அந்த மாதத்தை அவருக்குத் தெரியும். ஆலையில் மூன்றாவது கொட்டகை திறந்த மாதம். தான் எழுதிய அறிக்கையும் ஞாபகம் இருந்தது. 'அனைத்தும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்.'

நோட்டை இருந்த இடத்தில் வைத்தார்.

ஆடி மாதம் அமலியின் வலது காலில் ஒரு புண் வந்தது. சின்னப் புண்தான். ஓரம் கனத்து, நடுவில் குழி. மஞ்சள் பூசினாள். ஆறவில்லை. ஆவணியில் அது கணுக்காலைச் சுற்றியது.

தோணியில் துணியை அவிழ்த்து அவள் காட்டியபோது தாணுலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் குழியை அவர் முன்னாடியே பார்த்திருக்கிறார். ஆலையில் தொட்டி கழுவுகிறவர்களின் கையில்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போ அமலி. இன்னைக்கே போ."

போனாள். சர்க்கரை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அதைக் கேட்டதும் தாணுலிங்கத்துக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சர்க்கரை. ஆறு இல்லை. சர்க்கரை. தோணியை விட்டு இறங்கும்வரை அந்த நிம்மதி இருந்தது. இறங்கியதும் தன்னையே காறித் துப்பலாம் போல இருந்தது.

"டீச்சர், அவ காலு சர்க்கரையா, தண்ணியா?"

"தெரியாது."

"நீங்க என்ன நெனைக்கீங்க?"

"தண்ணிய நான் அளந்திருக்கேன். காலை அளக்கலை. அளக்காததைச் சொல்ல மாட்டேன்."

புரட்டாசியில் மீன் செத்து மிதந்தது. கெண்டையும் மடவையும் வெள்ளை வெள்ளையாக முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஊர் ஜனம் சாலையில் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் ஒரு விசாரணைக் குழு வருவதாக அறிவிப்பு வந்தது.

குழு டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. டீச்சர் தன் நோட்டுகளைத் துணிப்பையில் கொண்டுபோனார். தாணுலிங்கம் கூடவே போய்க் கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்தார்.

ஆலையின் வக்கீல் எழுந்தார்.

"தகுதி பெற்ற வேதியியலாளர் கையெழுத்திட்ட இருநூற்று அறுபத்து நான்கு அறிக்கைகள். இருபத்திரண்டு வருஷம். ஒரு மாதம்கூட அளவு மீறவில்லை. எதிரே இருப்பது ஒரு கல்லூரி ஆசிரியை கைப்பட எழுதிய நோட்டு. குழு எதை நம்பப்போகிறது?"

அறிக்கைகளின் நகல் டீச்சரிடம் தரப்பட்டது. அவர் முதல் தாளின் அடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். தாளைத் திருப்பினார். அடுத்ததையும் பார்த்தார்.

ஒவ்வொன்றின் கீழும் வால் நீண்ட ஒரு 'தா'. ஒன்றரை வருஷமாக டீச்சரின் நோட்டில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை விழுகிற அதே 'தா'.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்திருக்க இரண்டு முறை முயன்றார். இரண்டு முறையும் உட்கார்ந்துகொண்டார்.

"ஆசிரியை ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்றார் தலைவர்.

"நான் எண்ணினதை எழுதியிருக்கேன்" என்றார் டீச்சர். அவ்வளவுதான்.

அடுத்த அமர்வு ஒரு மாதத்துக்குத் தள்ளிப்போனது.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் இருந்தார்கள். பத்தாவது நிறுத்தம் தாண்டியதும் தாணுலிங்கம் கேட்டார்.

"எங்கிட்ட ஏன் எதுவும் கேக்கலை டீச்சர்?"

"கேட்டா எனக்குப் பதில் சொல்லுவீங்க. எனக்கு எதுக்கு?"

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

"தப்பா எழுதின எண்ணை என்ன செய்யணும்?"

டீச்சர் துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு பழைய நோட்டை எடுத்தார். மூன்றாம் வருஷத்து நோட்டு. ஒரு பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தார்.

ஐந்தாம் குச்சி. நூற்று நாற்பத்தொன்று. அதன் மேல் குறுக்காக ஒரே ஒரு கோடு. பக்கத்தில்: 'அன்று நான் போகவில்லை. மகளுக்குக் காய்ச்சல். வீட்டிலிருந்து எழுதிய எண்.' கையெழுத்து. தேதி. அந்தத் தேதி நாலு வருஷம் கழித்து.

"நாலு வருஷம் ஆச்சா டீச்சர்?"

"ஆச்சு."

"ஏன் முழுசா மை பூசி அழிக்கலை?"

"கீழ இருக்கறதைப் படிக்க முடியணும்."

"இதை அந்த வக்கீல் பாத்தா மத்த எண்ணையும் நம்ப மாட்டாரே."

"நம்பாமப் போகட்டும்."

தாணுலிங்கம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. இறங்கவில்லை.

மறுவாரம் அமலியைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சீட்டில் சர்க்கரை என்றே எழுதியிருந்தது. டீச்சர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தாணுலிங்கம் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனார். கையிலிருந்த ஆரஞ்சுப் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

இரண்டாம் அமர்வில் அவர் கடைசி வரிசையில் உட்காரவில்லை. நேரே முன்னால் போய் நின்றார்.

"நீங்கள் யார்?" என்றார் தலைவர்.

"அந்தக் கையெழுத்து ஐயா."

வக்கீல் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார்.

"அறிக்கைகள் பொய்யா?"

"ஆமா."

"எவை?"

"எல்லாமே."

"சரி. வாக்குமூலமாக எழுதிக் கொடுங்கள். ஒரே தாளில் முடித்துவிடலாம்."

"இல்லை ஐயா. நகலைத் தாங்க. ஒவ்வொண்ணா எழுதினேன். ஒவ்வொண்ணா அடிக்கணும்."

தலைவர் அவர் முகத்தைப் பார்த்தார். நகல்களைக் கொடுக்கச் சொன்னார்.

காலை பத்தரைக்கு உட்கார்ந்தார். ஒரு எண், அதன் மேல் ஒரு கோடு. எண் படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் 'பொய்' என்று ஒரு சொல், கையெழுத்து, தேதி. அடுத்த தாள். ஜனம் முதலில் கூச்சல் போட்டது. பிறகு முணுமுணுத்தது. மதியத்துக்கு மேல் பேனா உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நூற்றுச் சொச்சமாவது தாளில் மை தீர்ந்துபோயிற்று. தலைவர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றரைக்கு முடிந்தது.

வக்கீலுக்கு இப்போது குரல் வந்திருந்தது. "இவை பொய் என்றால் உண்மையான எண்கள் எங்கே?"

"இல்லை."

"எங்கேயும் குறித்து வைக்கவில்லையா?"

"இல்லை."

"நினைவில்?"

தாணுலிங்கம் கண்ணை மூடினார். இருபத்திரண்டு வருஷம். கருவியின் பச்சை வெளிச்சம் ஞாபகம் இருந்தது. அது காட்டிய ஒரு எண்கூட ஞாபகம் இல்லை.

"இல்லை" என்றார். "மிச்சம் இருக்கறது அந்த அம்மா நோட்டு மட்டுந்தான்."

ஆலைக்குச் சீல் வைத்தார்கள். தாணுலிங்கத்தின் மேல் வழக்குப் பதிவாயிற்று. திங்கட்கிழமை தோறும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பெங்களூரிலிருந்து மகன் போன் செய்வது நின்றது. சங்குமுனையில் சிலர் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். ஒருவன் அதே துண்டைப் பிடித்து இழுத்து, "இருவத்திரண்டு வருஷம் கழிச்சு வந்து உண்மை சொல்லுதானாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னான். இரண்டையும் அவர் வாங்கிக்கொண்டார்.

அமாவாசை, பௌர்ணமி. அவர் தவறாமல் வந்தார். தோணியை இப்போது அமலியின் நாத்தனார் தள்ளினாள்.

எட்டு மாதம் போயிற்று.

"நாலாம் குச்சியில குரோமியம் கொறஞ்சிருக்கு டீச்சர்!"

"ரெண்டு அளவுதானே ஆச்சு."

"கொறஞ்சிருக்கே."

"சேத்துக்குள்ள இருக்கறது வெளிய வர இன்னும் எத்தனை வருஷமோ. எழுதுங்க."

எழுதினார். ஆனாலும் அன்று வெகு நாளைக்குப் பிறகு அவருக்கு மனசில் ஏதோ இளகிய மாதிரி இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. ஜெயில் வந்தால் போக வேண்டியதுதான். ஆலை மூடியாயிற்று. நோட்டு ஜெயித்தாயிற்று. இன்னும் ஏன் தூக்கம் வரவில்லை?

பாட்டில்களை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"மன்னிப்புன்னு ஒண்ணு உண்டா டீச்சர்?"

டீச்சர் பாட்டில்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தண்ணி தெரியும், செடி தெரியும். இது எனக்குத் தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

டீச்சர் தலையைத் தூக்கினார். கையில் பசை இருந்ததால் விரலை நீட்டவில்லை. கண்ணால் காட்டினார். கண்டல் மரங்களுக்கு அப்பால் மூன்றாவது ஓட்டு வீடு.

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை.

அமலி வாசலில் தரையோடு தரையாக உட்கார்ந்து யாரோ கொண்டுவந்து போட்ட மீனுக்குச் செதிள் உரசிக்கொண்டிருந்தாள். கால் தெரியாமல் சேலையை இழுத்து மூடியிருந்தாள். பக்கத்தில் சுவரில் ஒரு கட்டைக்கோல் சாய்ந்து நின்றது.

"வாங்க அண்ணாச்சி" என்றாள். குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. "ஆரஞ்சுப் பழம் தந்துவிட்டியளாமே. வாட்ச்மேன் கொண்டாந்து தந்தாரு."

"அமலி."

"சொல்லுங்க."

"சர்க்கரைன்னு எழுதியிருக்காங்க. அது எதுன்னு எனக்குத் தெரியாது. அளந்தவங்க யாருமில்ல. ஆனா நீ உக்காந்த தண்ணியில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே எழுதாம இருந்தேன். உன் அம்மா உக்காந்தப்பவும் தெரியும்."

"டவுனுல சொன்னியளாமே. எங்க நாத்துனா சொன்னா. நாள் பூரா உக்காந்து கோடு போட்டியளாம்."

"ஆமா."

"பெறவு இங்க என்னத்துக்கு வந்திய?"

தாணுலிங்கம் துண்டை இடுப்பில் கட்டினார். அறுபத்து மூன்று வயது உடம்பை மெல்ல மடக்கி, செதிள் சிதறிக் கிடந்த மண்ணில் மண்டியிட்டார். இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தார்.

அமலி கத்தியைக் கீழே வைத்தாள். மூடியிருந்த சேலையை விலக்கினாள்.

"எந்தக் காலுல விழப்போறிய அண்ணாச்சி?"